ஐம்பத்தொன்பது பாகை

கருகிய தூசியின் வாசனை... அதற்குள் கொஞ்சம் உருகிய பிளாஸ்டிக், கொஞ்சம் ஈரச் சாக்கு. தொழிற்சாலையின் மேல்மாடியில் காற்றாடி மோட்டார் சூடேறும்போதெல்லாம் அந்த வாசனைக்குத் தூரத்து உறவான ஒன்று என் மூக்கருகே வந்து நிற்கிறது. கையில் இருப்பதை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். ஒன்றும் எரியவில்லை. எரிய வேண்டியது எரிந்து ஏழு மாதம் ஆகிறது.

சொல்லிவிடுகிறேன். திலகாவின் கம்ப்யூட்டரை எரித்தவன் நான். அந்தப் பழியை அவளுடைய அம்மா பவளக்கா சுமக்கிறார். செய்தது நான்தான் என்று இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது... நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. பவளக்காவோ தினமும் பார்க்கிறார்!

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவது என் வேலை. பறித்து வந்த கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி, அதன் ஈரத்தை மெல்ல மெல்லக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் இலை கருகும். அசந்தால் புளிக்கும். இருபத்திரண்டு வருடமாகக் காற்றோடுதான் என் பிழைப்பு. புறங்கையை நீட்டினால் போதும், காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

இந்தப் பெருமையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றத்தில் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

மறுபாதி, எதையும் திறந்து பார்க்கத் துடிக்கும் என் விரல்கள். எதற்காக இப்படி ஆகிறது, இன்னும் கொஞ்சம் போனால் எப்படி ஆகும்... இந்த இரண்டு கேள்விகளும் என்னை உட்கார விட்டதில்லை. நாற்பத்தெட்டு வயதில் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

பவளக்கா எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. லயத்தில், தோட்டக்காரர்கள் குடியிருக்கும் அந்த வரிசை வீட்டில், அடுத்த காம்பராக்காரர், அதாவது அடுத்த அறைக்காரர். கொழுந்து பறிக்கிறவர். நான் அவருக்குத் தம்பி, ஆகவே அவர் மகள் திலகாவுக்கு மாமா. உறவு அவ்வளவுதான், ஆனால் அவர்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும் பல்பு அணைந்தாலும் சுவரைத் தட்டி என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

திலகாவுக்கு இருபத்தேழு வயது. கம்ப்யூட்டரில் வீடுகளின் உட்புறத்தை வரைவாள். எங்கோ வெளிநாட்டில், இன்னும் கட்டப்படாத வீடுகள்! வெள்ளைக் கல் பதித்த குளியலறை, அதன் ஜன்னலில் கடல், கடலின் வெளிச்சம் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வந்து உட்காரும் விதம்... எல்லாம் எங்கள் பத்தடி காம்பராவுக்குள் பிறந்தது. ஒருநாள் பவளக்கா அந்தக் குளியலறையை நெடுநேரம் பார்த்துவிட்டு, அவ்வளவு பெரிய இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை, இன்னும் கட்டவே இல்லை என்றாள் திலகா.

"அப்ப நாம போயிருவமாடி, ஆளு வர்றதுக்குள்ள?"

அன்று மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராவின் நாய் குரைத்தது.

இப்போது, எது பணயத்தில் இருந்தது என்று சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு கம்பெனி திலகாவை அலுவலகத்துக்கு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குப் போக விருப்பமில்லை. அம்மாவைத் தனியே விட மனமில்லை. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பெரிய வீட்டின் படங்களைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் வேலையை நிரந்தரமாகவே தருவதாகச் சொன்னார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம். அவள் ஊரில் தங்குவதற்கு இருந்த வழி அந்த ஒன்றுதான். அது எனக்கும் தெரியும். நன்றாகத் தெரியும்!

அந்த வாரம் பார்த்து கிராபிக்ஸ் கார்டு கொதிக்க ஆரம்பித்தது.

கார்டு என்றால் என்ன என்று எனக்கும் அப்போதுதான் தெரியும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பலகை. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது என்று கணக்குப் போடுவது அதுதான். திலகா வாங்கியது ஒருவர் பாவித்துக் கழித்த கார்டு. அரைமணி நேரம் வேலை செய்தால் தொண்ணூற்றொரு பாகை. பிறகு திரை கறுத்துவிடும். வரைந்த வெளிச்சமெல்லாம் போய்விடும்.

எனக்கோ வியப்பு தாங்கவில்லை. நாங்கள் கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு, பேசும்போது வாயிலிருந்து ஆவி பறக்க உட்கார்ந்திருக்கிறோம். உள்ளங்கை அகலத்துப் பொருள் ஒன்று சுடுதண்ணீர்க் கேத்தலைப் போலக் கொதிக்கிறது! வெளிச்சத்தை எண்ணுவதற்கு இவ்வளவு நெருப்பா? இல்லாத கடலுக்கு, இல்லாத வெயிலுக்கு, இங்கே எதற்கு இவ்வளவு உண்மையான சூடு? நான் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பவளக்கா எட்டிப் பார்த்தார். நமக்கெல்லாம் குளிரும்போது அதற்கு மட்டும் காய்ச்சலா, ஒரு பெனடோல் மாத்திரையைக் கரைத்து ஊற்றுங்கள் என்றார்.

புதன்கிழமை காலை நானும் திலகாவும் பெட்டியைத் திறந்தோம். கார்டின் உலோக இதழ்களுக்கு நடுவில் அடுப்புப் புகையும் கம்பளி நூலும் சேர்ந்து மெத்தையாக அடைத்திருந்தன. பெயிண்ட் பிரஷ்ஷால் நானே துடைத்தேன். தூசி போனதும் எண்பத்து நான்கு. திலகா கார்டின் வேகத்தையும் கொஞ்சம் குறைத்துப் போட்டாள், எண்பதில் நின்றது. மெதுவாக வரைந்தாலும் வெள்ளி காலைக்குள் முடிந்துவிடும் என்று கணக்குச் சொன்னாள். எதற்கும் இருக்கட்டும் என்று புதிதாக ஒரு சின்னக் காற்றாடி வாங்கிவர வியாழன் பதினொரு மணி பஸ்ஸில் ஹட்டனுக்குக் கிளம்பினாள்.

கவனியுங்கள்... வேலை நடந்துகொண்டிருந்தது. சூடு கட்டுக்குள் இருந்தது. நான் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. எனக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வேலை என்பதால், அதுவரை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். படியிறங்கியவள் திரும்பி வந்து இதையும் சொன்னாள்:

"ஜன்னல மட்டும் திறந்துறாதீங்க மாமா. பனி உள்ள வந்துரும்."

நான் சிரித்தேன். காற்றைப் பற்றி எனக்கே பாடமா என்று.

அவள் போனபின் எண்பது என்ற அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பது, எண்பத்தொன்று, எண்பது. அறைக்குள் சுழலும் அதே காற்றைத்தானே அது திரும்பத் திரும்பக் குடிக்கிறது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மலை முழுக்கக் குளிர் சும்மா கிடக்கிறதே! எங்கள் தொட்டிகளில் காற்றைச் சிதற விடுவதில்லை. பக்கத்தை அடைத்து, நேராக இலைக்கடியில் செலுத்துவோம். அதையே இங்கே செய்தால்? எவ்வளவு இறங்கும்? எழுபது? அறுபத்தைந்து?

இந்தக் கேள்விக்குத் திலகாவின் வேலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்!

வீட்டிலிருந்து தேயிலைத்தூள் அடைக்கும் தடித்த காகிதப் பை ஒன்றைக் கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் வெட்டி, ஒரு வாயை ஜன்னலிலும் மறுவாயைப் பெட்டியின் திறந்த பக்கத்திலும் பொருத்தினேன். ஜன்னலைத் திறந்தேன்.

எண்பது... எழுபத்து நான்கு... அறுபத்தெட்டு! நாற்காலியின் விளிம்பில் குழந்தையைப் போல உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு அறுபத்திரண்டு. ஒன்றரைக்கு ஐம்பத்தொன்பது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைத்தால் இந்த வாக்குமூலம் பொய்யாகிவிடும். கண் கலங்கியது ஐயா... ஐம்பத்தொன்பது!

அதே ஒன்றரைக்குத்தான் கீழ்மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறத் தொடங்கியது. கண்டேன். புறங்கையும் சொன்னது. மூடியிருக்கலாம், மூடுவதற்கு ஒரு விநாடி போதும். ஐம்பத்தெட்டைத் தொடுகிறதா பார்ப்போம் என்று திறந்தபடியே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

இன்னும் கேளுங்கள். மேல்மாடிச் சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும், மற்றதன் குமிழில் ஈரத் திரி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் குறைந்தால் காற்று தண்ணீரால் நிறைந்துவிட்டது என்று பொருள். அந்தக் காற்றைக் கொழுந்துக்கு ஊதக்கூடாது. இரண்டு மணிக்குப் பார்த்தேன். வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை. வெளிக்காற்றை அடைத்துச் சூடான காற்றைத் திறக்கச் சொன்னேன்.

இலைக்கு எது கூடாது என்று அந்தக் கணத்திலும் எனக்குத் தெரிந்திருந்தது! திலகாவின் ஜன்னல் நினைவுக்கு வந்தது. லயத்துக்குப் போய்வரப் பத்து நிமிடம். போகவில்லை.

ஏன் போகவில்லை? இந்த ஏழு மாதத்தில் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் கார்டின் சூட்டில் பனி தங்காது என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன், உண்மைதான். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்கும் ஆசையும் இருந்தது. எது முதலில் வந்தது, ஆசையா கணக்கா... பிரிக்க முடியவில்லை.

இரண்டேகாலுக்கு மின்சாரம் போனது. தொழிற்சாலையில் ஜெனரேட்டர் போட்டார்கள். சரி, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும், இனிப் பயமில்லை என்று நினைத்தேன். என்ன மடத்தனம்! சூடு இருந்தவரைக்கும்தான் அதற்குக் காவல். அது ஆறியபின், நான் கட்டிக்கொடுத்த காகிதக் குகை வழியாகப் பனி நேராகப் போய் அந்த உலோக இதழ்களில் சொட்டுச் சொட்டாக உட்கார்ந்திருக்கும், இரண்டரை மணி நேரம்.

ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது தொழிற்சாலையில் ஜெனரேட்டரின் சத்தம் நின்றது. மின்சாரம் திரும்பிவிட்டது. மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரும்படி திலகா செய்துவைத்திருந்தாள், அது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஓடினேன்.

வாசலிலேயே வாசனை வந்துவிட்டது.

உள்ளே பவளக்கா, கையில் பிழிந்த சட்டையோடு. மழைமாதத்தில் எங்கள் துணி எதுவும் காய்வதில்லை. அடுப்புக்கு மேல் போட்டால் புகை நாறும். கம்ப்யூட்டரின் பின்பக்கம் இளஞ்சூடான காற்று வருகிறது என்று கண்டுபிடித்ததிலிருந்து அந்தச் சுவரோரம் ஒரு கயிற்றைக் கட்டி அவர் துணி காயப்போட்டு வந்தார். திலகா சண்டை பிடித்து, கயிற்றை ஒரு கை தூரம் தள்ளிக் கட்ட வைத்திருந்தாள். மாலை நிறுவைக்குக் கொழுந்தைக் கொடுத்துவிட்டு வந்தவர் வழக்கம்போல இரண்டு துணியைப் போட்டிருக்கிறார். விளக்கில்லாமல் பனி இருட்டிய அறையில் ஜன்னலும் பையும் அவர் கண்ணில் படவில்லை. மூன்றாவதை உதறும்போது மின்சாரம் வந்திருக்கிறது. டப்பென்று ஒரு சத்தம்.

"நா தொடவே இல்ல தம்பி," என்றார். 

வெளியே போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வரச் சொன்னேன். அவர் போனார்.

அந்த அரை நிமிடத்தில் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. காகிதப் பையைக் கழற்றி, மடித்து, என் ஜெர்சிக்குள் செருகிக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பவளக்கா உள்ளே வந்தபோது, அந்த அறையில் ஈரமாக இருந்தவை அவருடைய துணிகள் மட்டுமே.

அரைமணி நேரத்தில் திலகா வந்தாள். கையில் புதுக் காற்றாடியின் சின்ன அட்டைப்பெட்டி. நான் கார்டைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். கறுத்த ஒரு மூலை. இதழ்களில் முத்து முத்தாகத் தண்ணீர். அவள் அதைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டாள்.

"தண்ணி சொட்டியிருக்குமா மாமா?"

காற்றும் ஈரமும் தெரிந்தவன் நான். கயிறு எங்கே இருக்கிறது, பெட்டி எங்கே இருக்கிறது, அங்கிருந்து ஒரு சொட்டுகூட இங்கே விழ வழியில்லை என்று கண்ணாலேயே அளந்துவிட்டேன்.

"இருக்கும்," என்றேன்.

பவளக்கா கயிற்றிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வெளியே தூறல்.

வெள்ளிக்கிழமை கடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் நாகரிகமாகவே ஒரு பதில் எழுதிவிட்டு வேலையை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். திலகா கொழும்புக்குப் போவதென்று முடிவானது.

அன்றிலிருந்து பவளக்கா அந்த அறையில் துணி போடுவதில்லை, அறைக்குள்ளேயே போவதில்லை. அரைகுறையாகக் காய்ந்த சட்டையோடுதான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறார். இருமல் பிடித்திருக்கிறது. யாரும் கேட்காமலேயே, "எம் புள்ள பொழப்ப நாந்தான் நனச்சிட்டேன்" என்று சொல்லிக்கொள்வார். கேட்டவர்கள் விடுவார்களா? கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒருத்தி, "பவளம், ஒஞ்சேலையப் பிழிஞ்சா கொழும்பு வரைக்கும் வெள்ளமாமே?" என்று கேட்க, வரிசையே சிரித்தது. கூடச் சேர்ந்து பவளக்காவும் சிரித்தார். கொழுந்தைப் பொறுப்பேற்க வந்த நான் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எத்தனையோ முறை சொல்லப் போயிருக்கிறேன். சுவரைத் தட்டியிருக்கிறேன். "என்ன தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். சாப்பிட்டேன் அக்கா என்பேன். அவ்வளவுதான்...

இனித் திலகா புறப்பட்ட நாள். அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

ஸ்டேஷனுக்கு வந்தால் அழுதுவிடுவேன் என்று பவளக்கா வீட்டிலேயே நின்றுகொண்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். ஹட்டன் மேடையில் கூட்டம் அதிகமில்லை. ரயில் தாமதம். திலகா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாளைய சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறவள் போல, என்னைப் பாராமலே கேட்டாள்.

"ஐம்பத்தொம்பதுக்கு எப்படி மாமா எறக்குனீங்க?"

அவள் தொடர்ந்து சொன்னது இது. கார்டுதான் எரிந்தது, மற்றவை பிழைத்திருந்தன. நிமிடத்துக்கு நிமிடம் சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் தனக்குள் எழுதி வைத்திருந்தது. பன்னிரண்டு மணியிலிருந்து படிப்படியாக இறங்கிய அந்த எண்களை, எரிந்த மூன்றாம் நாளே அவள் பார்த்துவிட்டாள். அறைக்காற்றில் அது அப்படி இறங்காது என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார் என்பதும் தெரியும்.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன் என்று தொடங்கினேன், ஆகவே இதையும் கேளுங்கள். அவள் அப்படிக் கேட்டபோது, வெட்கத்துக்கும் முன்னால், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பெருமையாக இருந்தது! காகிதப் பையை எப்படி வெட்டினேன் என்று சொல்ல நாக்கு எழுந்தது. என்னைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் இதுதான் மிக மோசமானது. ஜன்னலைவிட, மடித்து ஒளித்த பையைவிட, "இருக்கும்" என்ற அந்தச் சொல்லைவிட...

தெரிந்திருந்தும் ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். 

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு கெழம பாத்தேன்."

ரயில் வந்தது. பெட்டியை ஏற்றினேன். அவள் ஜன்னலோரம் இடம் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளியே தலையை நீட்டினாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்துத்தான் நிமிர்ந்தேன். கோபம் இல்லை. ஒரு வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது இருக்கிற முகம்.

"அம்மா இன்னிக்கி மலைக்குப் போகல மாமா, வீட்லதான் இருக்காங்க. எங்கயும் நிக்காம நேரா அங்க போங்க."